அபு ஹுரைராவின் கால்விரல்கள்

சிரியாவில் யூப்ரடிஸ் ஆற்றங்கரையில் இருந்த அபு ஹுரைரா என்னும் தொல்லூர், தப்கா அணையின் நீரில் மூழ்குவதற்கு முன், 1972, 1973 ஆண்டுகளில் அவசரமாக அகழப்பட்டது. வேட்டையாடியும் காட்டுத் தானியம் சேகரித்தும் வாழ்ந்த மக்கள் வேளாண்மைக்கு மாறிய வரலாறு அந்த ஒரே மேட்டில் அடுக்கடுக்காகப் புதைந்திருந்தது.

அங்கே கிடைத்த மனித எலும்புகளைத் தேயா மொல்லெசன் என்னும் ஆய்வாளர் ஆராய்ந்து கண்டவற்றை வாசித்த நாளிலிருந்து என்னால் மறக்க இயலவில்லை. கால் பெருவிரல் மூட்டுகள் தேய்ந்து உருக்குலைந்திருந்தன. முழங்காலில் எலும்பு கூடுதலாக வளர்ந்திருந்தது. கீழ்முதுகின் எலும்புகள் நசுங்கியிருந்தன. கால்விரல்களை மடக்கி ஊன்றி மண்டியிட்டு, நம் அம்மியைப் போலத் தரையில் கிடத்திய கல்லில், நாள்தோறும் பல மணி நேரம் முன்னும் பின்னும் சாய்ந்து தானியம் அரைத்ததன் தடயங்கள் அவை என்றும், அவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர் என்றும் அவர் முடிவுசெய்தார். வேளாண்மையை மாபெரும் முன்னேற்றம் என்று மட்டுமே பள்ளியில் படித்த எனக்கு, அந்தப் பெண்களின் முழங்கால்கள் பாடநூலில் இடம்பெறாதது பெரும் குறையாகவே படுகிறது.

கல்லிலிருந்து உதிர்ந்த துகள்கள் மாவில் கலந்ததால் பற்களும் தேய்ந்து உடைந்தன. பிற்காலத்தில் மட்பாண்டம் வந்து, தானியத்தைக் கஞ்சியாகக் காய்ச்சி உண்ணத் தொடங்கியபோது பற்சொத்தை பெருகியது. அதே கஞ்சியைக் குழந்தைகளுக்கும் ஊட்ட முடிந்ததால், தாய்ப்பாலை முன்கூட்டியே நிறுத்தவும் அடுத்தடுத்துக் கருத்தரிக்கவும் வழி ஏற்பட்டிருக்கும் என்பது அவர் கருத்து.