கேஸ் டெஸ்ட்: சிரிஞ்சை விட ரூமன் தண்ணிதான் பெரும்பாடு

"மாட்டைக் கட்டிப்போட்டுத் தீவனம் நிறுக்க வேண்டாம், சாணி அள்ள வேண்டாம், எல்லாம் கண்ணாடி சிரிஞ்சுக்குள்ளேயே முடிஞ்சிடும்மா." கால்நடை ஊட்டச்சத்துத் துறையில் எம்.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவ முதுகலை) ஆய்வுக்குத் தலைப்பு தேடியபோது, கேஸ் டெஸ்ட் பற்றிச் சீனியர் அண்ணா சொன்னது இது. தீவனத்தை ரூமன் திரவத்தோடு, அதாவது அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பைத் தண்ணியோடு, சிரிஞ்சில் வைத்து, நுண்ணுயிரிகள் அதைச் செரிக்கும்போது எழும் வாயு பிஸ்டனை எவ்வளவு தள்ளுகிறது என்று அளப்பதுதான் அந்தச் சோதனை. சாணி அள்ளவில்லைதான். மற்றதெல்லாம் நடந்தது.

கருவேலம், சவுண்டல், அகத்தி இலைகளைப் பறித்து, உலர்த்தி, 1 மி.மீ. சல்லடை போட்டு அரைத்தது வரை எந்தச் சிக்கலும் இல்லை. டானின் (செரிமானத்தைத் தடுக்கக்கூடிய துவர்ப்புப் பொருள்) பார்க்கப் போகிறவர்கள் ஓவனை 55 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். அதற்கு மேல் போனால் டானின் இலைக்குள்ளேயே கட்டுண்டுவிடும், அப்புறம் அளந்து பயனில்லை.

சிக்கல் ரூமன் திரவத்தில் ஆரம்பித்தது. துறையிலிருந்த ஃபிஸ்துலா மாடு (ரூமன் திரவம் எடுக்க விலாவில் துளையிட்ட மாடு) நான் சேர்வதற்கு முன்பே வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டது. புதிதாக ஒரு மாட்டுக்கு விலாவில் துளையிட்டுக் கேனுலா என்ற குழாயைப் பொருத்த, கல்லூரி நெறிமுறைக் குழு பரிந்துரைத்தால் மட்டும் போதாது; பெரிய விலங்கு என்பதால் மத்தியக் குழுவின் அனுமதியும் வேண்டும். அதற்குள் என் படிப்பே முடிந்துவிடும். "ஆட்டுத்தொட்டியில எடுத்துக்கோம்மா, உணவுக்காக அறுக்கிற ஆடு, யார் அனுமதியும் வேண்டாம்" என்றார் கைடு.

வேண்டாம் என்பதற்கும் ஒரு கடிதம் வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆய்வுக் கட்டுரை அனுப்பும்போது ஜர்னல்காரர்கள் கேட்பார்கள். அலுவலகத்தில் போய்க் கேட்டால் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அனுமதி கேட்டா ஃபார்ம் இருக்கு. அனுமதி வேண்டாம்னு எழுதித் தர ஃபார்மேட் இல்ல." அடுத்த தடவை போனேன், சார் லீவு. அதற்கடுத்த தடவை, "குழு கூடும்போது வாங்க." கடைசியில் வழி சொன்னது பக்கத்து மேசை அக்கா. ஆய்வுச் சுருக்கத்தைக் குழுவின் அஜெண்டாவிலேயே ஓர் உருப்படியாகச் சேர்க்கச் சொன்னார். 'அனுமதி தேவையில்லை' என்று மினிட்ஸில் ஏறிவிட்டது. அந்தப் பக்கத்தின் நகல்தான் இன்று வரை என் கடிதம். தலைப்பு முடிவான அன்றே இதைச் செய்துவிடுங்கள்.

ஆட்டுத்தொட்டியில் விடிவதற்கு முன்னாலேயே வேலை தொடங்கிவிடும். தெர்மாஸ் ஃபிளாஸ்கில் 39 டிகிரி வெந்நீரை நிரப்பி எடுத்துப் போய், திரவம் ஊற்றுவதற்கு முன் அதைக் கொட்டிவிட வேண்டும். கழுத்து வரை நிரப்புங்கள், உள்ளே காற்று நிற்கக் கூடாது. கொஞ்சம் சக்கையையும் சேர்த்துப் போடுங்கள், நார் தின்னும் பாக்டீரியா அதில்தான் ஒட்டியிருக்கும். வெட்டுகிற பாய் சிரித்தார். "என்ன டாக்டரம்மா, நாங்க கழுவி ஊத்துறத நீங்க ஃபிளாஸ்க்ல புடிச்சிட்டுப் போறீங்க?"

லேபில் நாலு மடிப்பு மஸ்லின் துணியில், கார்பன் டை ஆக்சைடு விட்டுக்கொண்டே வடிகட்டி, 10 மி.லி. திரவத்துக்கு 20 மி.லி. பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) கலந்து, 200 மி.கி. சாம்பிள் உள்ள சிரிஞ்சுகளில் ஏற்றினோம். ஆக்சிஜன் இல்லை என்பதைக் காட்டும் ரெசசூரின் சாயம் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகி நிறமற்றும் போனது. எல்லாம் புத்தகப்படி. 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் பிஸ்டன்கள் பேருக்குத்தான் நகர்ந்திருந்தன. இலை மட்டுமல்ல, ஒப்பிடுவதற்கு ஸ்டாண்டர்டாக வைத்த வைக்கோலும் அப்படியே கிடந்தது.

காரணம் பாயிடம்தான் கிடைத்தது. அறுக்கப்போகும் ஆட்டுக்கு முந்தின நாளே தீனியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும்தான் காட்டுவார்களாம். பட்டினி கிடந்த ரூமனில் நுண்ணுயிரி எப்படிச் சுறுசுறுப்பாக இருக்கும்? எந்தக் கட்டுரையின் செய்முறைப் பகுதியும் இதை எனக்குச் சொல்லவில்லை. 'இறைச்சிக்கூடத்தில் சேகரிக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள்.

அதன்பின் பாயிடம் சொல்லிவைத்து, தாமதமாக வந்து இறங்கிய ஆடுகளாகப் பார்த்து, குறைந்தது மூன்று ஆடுகளின் திரவத்தைக் கலந்தேன். லேபுக்கு வந்ததும் கிளினிக்கில் அஜீரண மாட்டுக்குச் செய்யும் அதே மெத்திலீன் புளூ சோதனை: 10 மி.லி. திரவத்தில் 0.03 சதவீதக் கரைசல் அரை மி.லி. ஆறு நிமிடத்துக்குள் நீலம் மறைந்தால் ஏற்று. கால் மணி நேரம் ஆகியும் நிறம் நிற்கிறதா, யோசிக்காமல் சிங்க்கில் ஊற்று. பிஎச் 7-ஐத் தாண்டினாலும் சந்தேகப்படுங்கள். இந்த கேஸ் டெஸ்டின் மூலமான ஹோஹன்ஹைம் முறைப்படி ஸ்டாண்டர்டின் திருத்தக் காரணி (வர வேண்டிய வாயுவுக்கும் வந்த வாயுவுக்கும் உள்ள விகிதம்) 0.9-க்கும் 1.1-க்கும் இடையில் வராவிட்டால் அந்த ரன்னே செல்லாது. மனசு வலித்தாலும் தூக்கிப் போடுங்கள்.

சிரிஞ்சு பற்றி ஒன்றே ஒன்று. பிஸ்டனிலும் உருளையிலும் ஒரே எண் இருக்கும். அவை ஜோடி மாறக் கூடாது. லேபில் உதவிக்கு இருந்தவர் நல்ல எண்ணத்தில் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டுக் கழுவி, கைக்கு வந்ததை மாட்டிவைத்திருந்தார். சில ஒட்டிக்கொண்டன, சில கசிந்தன. அதிலிருந்து கழுவுவது நான்தான். கொஞ்சம் வாசலின் தடவ மறக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு ரன்னைத் தொடங்குங்கள். துறை இன்வெர்ட்டர் கம்ப்யூட்டரைத் தாங்கும், வாட்டர் பாத்தைத் தாங்காது.

கடைசி ரன்னில் ஒவ்வோர் இலைக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்த்தும் சேர்க்காமலும் வைத்தேன். அது டானினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டானின்தான் செரிமானத்தைத் தடுத்தது என்றால் வாயு கூட வேண்டும். அகத்தியில் பெரிய வித்தியாசமில்லை. கருவேலத்தில் பிஸ்டன் பளிச்சென்று மேலே நின்றது. எச்.ஓ.டி.யையே கூட்டிவந்து காட்டினேன்.

கொழுப்பமில சாம்பிள்கள் மெட்டாபாஸ்பாரிக் அமிலம் சேர்த்து ஃப்ரீசரில் இருக்கின்றன. அவற்றை அளக்கும் ஜிசி (கேஸ் குரோமடோகிராஃப்) மெஷினுக்குக் காலம் என்கிற பிரிப்புக் குழாய் வாங்க மூன்று கொட்டேஷன் கேட்டிருக்கிறார்கள். இரண்டுதான் வந்திருக்கிறது.