8 அங்குலத்தில் ஆரம்பித்த தகராறு

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், வாசல் கதவின் கைப்பிடியில் ஆரஞ்சு நிற அட்டை ஒன்று தொங்கியது. புல் 8 அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருக்கிறது, வீட்டின் ஓரத்தில் 'நச்சுக் களை' இருக்கிறது, 10 நாளுக்குள் வெட்டாவிட்டால் நகராட்சியே ஆள் வைத்து வெட்டிக் கூலியை வீட்டு வரியோடு சேர்த்துவிடும். ஆறு மாத விசாவில் வந்திருந்த அம்மா அதை ஏதோ பீட்சாக் கடை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடப் போனார்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரை ஒட்டிய சின்ன நகரம். பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன், என்னுடைய இன்னொரு விண்ணப்பமும் நகராட்சி மேஜையில் கிடக்கிறது. லானை எடுத்துவிட்டு இந்த மண்ணுக்கே உரிய நாட்டுச் செடி போட நினைப்பவர்கள் நான் முட்டிக்கொண்ட இடங்களிலேயே முட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் புல் வெட்டாமல் விட்டால் தேனீக்களுக்கு நல்லது என்று இங்கே சில வருடங்களாக ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. நானும் விட்டேன். ஜூனிலும் விட்டேன். அதற்குத் தேனீ காரணமில்லை, சோம்பல்தான். ஆனால் அட்டையைப் பார்த்ததும் ரோஷம் வந்துவிட்டது. மினசோட்டாவில் 2023 ஜூலை 1 முதல் ஒரு மாநிலச் சட்டம் நடப்பில் இருக்கிறது. திட்டமிட்டு நட்டுப் பராமரிக்கிற இயற்கைத் தோட்டத்தை எந்த நகராட்சியும் தடுக்கக் கூடாது, அதில் செடிகள் 8 அங்குலத்தைத் தாண்டலாம், விதைக்கும் விடலாம். சட்ட எண் 412.925. அதை வைத்துக்கொண்டு போனில் சண்டைக்குப் போனேன்.

அந்தப் பக்கம் இருந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதே பத்தியில் அடுத்த வரியையும் படியுங்கள்" என்றார். படித்தேன். சாதாரணப் புல்வெளியைக் கவனிக்காமல் விட்டுத் தானாகக் காடாகட்டும் என்று இருப்பது இதில் சேராதாம். சரி, நியாயம்தான். அன்று சாயங்காலமே முன்பக்கத்தை வெட்டிவிட்டேன். நமக்குச் சாதகமான வரியை மட்டும் படித்துவிட்டுப் போன் செய்யாதீர்கள், காது சிவந்துவிடும்.

நச்சுக் களை விவகாரம் வேறு. அவர்கள் களை என்று குறித்திருந்தது மில்க்வீட். நம் ஊர் எருக்குக்குச் சொந்தக்காரச் செடி, கிள்ளினால் அதே பால்தான் வரும். ஊரில் எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடுவதுபோல, இங்கே மில்க்வீடில் மோனார்க் முட்டையிடும். புழு தின்பது அந்த இனச் செடிகளின் இலையை மட்டும்தான். இந்த மாநிலத்தின் பட்டாம்பூச்சியே மோனார்க்தான். அதன் புழுவின் ஒரே சாப்பாட்டைக் களை என்று எழுதி என் கதவில் மாட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "எருக்கை வீட்டு வாசல்ல யாருடா வெப்பாங்க?" என்றார்.

இதைப் பேச நகர அலுவலகத்துக்கு நேரில் போனேன். அரை நாள் லீவு. சம்பந்தப்பட்ட இன்ஸ்பெக்டர் செவ்வாயும் வியாழனும் காலையில் மட்டும்தான் இருப்பாராம், நான் போனது வெள்ளி. அடுத்த செவ்வாய் மறுபடி அரை நாள். அவர் பார்க்க நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கையில் இருந்த பட்டியல் எந்தக் காலத்து ஜெராக்ஸோ, ஓரமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. மாநிலத்தின் நச்சுக் களைப் பட்டியலில் மில்க்வீட் இல்லை என்று மொபைலில் காட்டினேன். "மொபைலில் காட்டுவதை நான் ஃபைலில் வைக்க முடியாது" என்றார். யார் எழுதிக் கொடுத்தால் வைப்பீர்கள் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார்.

இங்கேதான் என் முதல் உருப்படியான கண்டுபிடிப்பு. மினசோட்டாவில் ஒவ்வொரு கவுண்டிக்கும், நம் ஊர் மாவட்டம் மாதிரி, ஒரு வேளாண் இன்ஸ்பெக்டர் உண்டு, நச்சுக் களை யாருடைய வேலை என்றால் அவருடைய வேலை. செடியின் நாலு படத்தோடு ஈமெயில் அனுப்பினேன். மறுநாளே இரண்டு வரியில் பதில் வந்தது: இது மில்க்வீட், பட்டியலில் இல்லை. கூடவே, படத்தின் மூலையில் தெரிவது கனடா திஸில், அதை எடுத்துவிடுங்கள் என்று மூன்றாவதாக ஒரு வரி. உண்மையான களை அங்கேதான் இருந்திருக்கிறது. எனக்கும் தெரியவில்லை, நோட்டீஸ் எழுதியவருக்கும் தெரியவில்லை.

அந்தக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவதற்குள், ஒன்பதாம் நாள் காலையிலேயே கான்ட்ராக்டர் ஆள் வந்து வெட்டிவிட்டுப் போய்விட்டார். வீட்டோரத்தில் இருந்ததை விட்டுவிட்டார். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் பட்டையில், இங்கே பூலவார்ட் என்பார்கள், அதில் நின்ற மில்க்வீட் மொத்தமும் காலி. முதல் நாள் இரவுதான் மகளும் நானும் டார்ச் அடித்து அதில் ஏழு புழுக்களை எண்ணியிருந்தோம். இன்றைக்கும் எனக்கு ஆறாதது இது ஒன்றுதான்.

180 டாலருக்குப் பில் வேறு வந்தது. பூலவார்ட் உங்கள் இடம் இல்லை, நகராட்சியின் இடம், அதற்கு விதி தனி என்றார்கள். அது உண்மை. எல்லோரும் நாம்தானே வெட்டுகிறோம், நம் இடம்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அட்டையில் போட்டிருந்த தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே வெட்டியிருந்தார்கள். அட்டையையும், கதவுக் கேமராவில் தேதியோடு பதிவான படத்தையும் சேர்த்து அனுப்பினேன். பில்லை ரத்து செய்தார்கள். அந்த அட்டையைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றிய புண்ணியம் என் மனைவிக்கு.

புகார் கொடுத்தது யார் என்று கேட்டேன். சொல்ல மாட்டார்கள். வீடு நிலம் சம்பந்தமாகப் புகார் கொடுப்பவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று மாநிலச் சட்டமே இருக்கிறதாம். அந்தக் கோடை முழுக்க, வாக்கிங் போகும்போது கை காட்டிச் சிரித்த ஒவ்வொருவரையும் சந்தேகமாகவே பார்த்தேன்.

இதற்கு நடுவில்தான் தெரிந்தது, மாநிலச் சட்டத்துக்கு ஏற்ப நகரம் தன் பழைய விதியை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறது என்று. வரைவை வாங்கிப் படித்தேன். நாட்டுச் செடிகளை ஊக்குவிக்கவே இந்த விதி என்று முகப்பில் எழுதிவிட்டு, உள்ளே ஒவ்வொன்றாக முட்டுக்கட்டை போட்டிருந்தார்கள். பெர்மிட் வேண்டும். கட்டணம் 75 டாலர். பக்கத்து எல்லையிலிருந்து 3 அடி தள்ளி நட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களின் கையெழுத்து வேண்டும். லான் போட யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். இத்தனைக்கும் லானுக்குப் போடும் கென்டக்கி புளூகிராஸ், பெயரில்தான் கென்டக்கி, வந்தது ஐரோப்பாப் பக்கத்திலிருந்து.

கவுன்சிலில் பேசலாம் என்று ஒரு திங்கட்கிழமை இரவு போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பார்த்தால் அது வெறும் வொர்க் செஷன். அதில் கவுன்சிலர்கள் தங்களுக்குள் பேசுவார்கள், நாம் வேடிக்கை பார்க்கலாம். பொது விசாரணை என்று தனியாக அறிவிப்பார்கள், அன்றைக்குத்தான் வாய் திறக்க முடியும். நிகழ்ச்சி நிரலில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

விசாரணை அன்று ஆளுக்கு 3 நிமிடம். எனக்கு முன்னால் பேசியவர் எலி, உண்ணி, வீட்டு விலை என்று பயமுறுத்திவிட்டு உட்கார்ந்தார். நான் ஒரு பக்கம் நிறைய எழுதிக்கொண்டு போயிருந்தேன். இந்த மாநிலத்தில் ஒரு காலத்தில் இருந்த பிரெய்ரி புல்வெளியில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இன்று மிச்சமில்லை என்பது, 2019-ல் மாநிலத் தேனீ என்று அறிவித்த ரஸ்டி பேட்ச்டு பம்பிள்பீ அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே அழியும் இனங்களின் மத்தியப் பட்டியலில் ஏறிவிட்டது என்பது, இன்னும் என்னென்னவோ. பாதியைப் படிப்பதற்குள் மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டது. பதறிப்போய் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் கேட்டேன்: "மாநிலச் சட்டம் நகரம் அனுமதித்தே ஆக வேண்டும் என்கிறது. உங்கள் வரைவில் என் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும்?"

கவுன்சிலர்கள் திரும்பி நகர வழக்கறிஞரைப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பேப்பரைப் புரட்டிவிட்டு, அந்தப் பிரிவை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும் என்றார். தேனீ, பட்டாம்பூச்சி எல்லாம் செய்யாததை இந்த ஒரு கேள்வி செய்தது. இரண்டாவது வாசிப்பில் கையெழுத்து விதி போயே போய்விட்டது. கட்டணமும் போய்விட்டது. 3 அடி தள்ளி நடுவது நின்றது. அது எனக்கும் சம்மதம்தான், ஆளுயரப் புல் மழையில் சாய்ந்து அடுத்தவர் டிரைவ்வேயில் கிடந்தால் நாளைக்கு அவரும் ஒரு ஆரஞ்சு அட்டைக்கு வழி செய்வார்.

பெர்மிட் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. செடிகளின் அறிவியல் பெயர் போடவில்லை என்பது ஒன்று. இன்னொன்று, கடையில் நாட்டுச் செடி என்று லேபிள் ஒட்டி விற்ற பர்ப்பிள் கோன்ஃபிளவர். அது அமெரிக்கச் செடிதான், ஆனால் மினசோட்டாச் செடி இல்லை. இங்கே இயற்கையாக வருவது இலை ஒடுங்கிய வேறொரு வகை. இப்படித் தோட்டம் போட மாநிலம் தரும் மானியத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருங்கள். பெரிய கடை லேபிளை நம்பாமல் நாட்டுச் செடி மட்டும் விற்கும் நர்சரிக்குப் போய், அறிவியல் பெயர் போட்ட ரசீது வாங்கி வையுங்கள். இரண்டாம் முறை ஒரு வாரத்தில் பெர்மிட் கிடைத்தது.

தோண்டுவதற்கு முன்னால் 811-க்குப் போன் செய்யுங்கள், நிலத்தடியில் பைப், கேபிள் எங்கே ஓடுகிறது என்று குறித்துத் தருவார்கள், இலவசம். நான் மண்வெட்டியோடு கிளம்பியபோது மனைவி தடுத்துப் போன் செய்ய வைத்தார். அவர்கள் வந்து சின்னக் கொடிக் குச்சிகள் நட்டுக் குறித்துவிட்டுப் போனதைப் பார்த்தால், நான் வெட்ட இருந்த இடத்துக்கு நேர் கீழே கேஸ் பைப்.

விதையை நவம்பரில் தூவினேன். இங்கத்து விதைகளில் பலவற்றுக்குக் குளிர் பட்டால்தான் முளைக்கும் புத்தி வரும். கொஞ்சத்தை ஈர மணலில் கலந்து ஃபிரிட்ஜிலும் வைத்தேன், இட்லி மாவுக்குப் பக்கத்தில். அதற்கு வீட்டில் வாங்கிய திட்டு நகராட்சியில் வாங்கியதைவிட அதிகம்.

அடுத்த ஜூனில் அதே இன்ஸ்பெக்டரின் கார் வாசலில் நின்றது. சுற்றிலும் கல் பதித்த ஓரத்தையும், நான் நட்டு வைத்திருந்த சின்னப் பலகையையும் பார்த்தார். ஸ்கேலை வெளியே எடுக்கவே இல்லை. போய்விட்டார். செடி அப்போது முழங்கால் உயரம்கூட இல்லை, பாதி வெறும் மண். இருந்தாலும் கல் வரிசையைப் பார்த்தால் யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிகிறது, அவருக்கு அது போதும் போலிருக்கிறது.

பூலவார்டில் வெட்டிப்போட்ட மில்க்வீட் வேரிலிருந்து மறுபடி கிளம்பிவிட்டது, போன வருடத்தைவிட இரண்டு மடங்கு. புதிய விதி பூலவார்டுக்குப் பொருந்தாது. அதற்குப் பொதுப்பணிப் பிரிவில் தனி விண்ணப்பம், தனி வரைபடம். கொடுத்து ஆறு வாரம் ஆகிறது. நேற்றுக் கேட்டதற்கு, அதைப் பார்ப்பவர் செவ்வாயும் வியாழனும் காலையில் மட்டும்தான் இருப்பார் என்றார்கள்.