காணாமல் போன எல்டிகான்ஃபிக்

ஜூன் 12, 2022, ஞாயிறு

அச்சகத்துக்கு விடுமுறை. திருவல்லிக்கேணி மாடியில் நானும் பழைய சர்வரும் மட்டும். அதில் ஓடும் டெபியன் 9 இயங்குதளத்துக்கான நீட்டித்த ஆதரவு இந்த மாதம் 30-ஆம் தேதியோடு முடிகிறது. 10-க்கு ஏற்றி, அப்படியே 11-க்கும் போய்விடலாம் என்று திட்டம். முதல் தாவல் மதியத்துக்குள் முடிந்தது. ரீபூட் செய்தேன், பில் மென்பொருளும் திறந்தது. இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூன் 13, திங்கள்

பள்ளி திறக்கிற நேரம். நோட்டு அட்டை வேலை மலையாகக் கிடக்கிறது. எல்லாரும் போனபின்தான் உட்கார முடிந்தது. 11-க்கான மென்பொருள் தொகுப்புகள் எல்லாம் இறங்கின. நிறுவப் போகிற இடத்தில், தொகுப்புகளை நிறுவித் தரும் டிபிகேஜி கையை விரித்தது: 'எல்டிகான்ஃபிக்', 'ஸ்டார்ட்-ஸ்டாப்-டீமன்' இரண்டு கட்டளைகளையும் காணோமாம்.

நேற்று ஏதோ அழிந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். எல்டிகான்ஃபிக் வருவது லிப்சி-பின் தொகுப்பில். அதை மறுபடி நிறுவலாம் என்றால், நிறுவ டிபிகேஜி வேண்டும்; டிபிகேஜிக்கோ எல்டிகான்ஃபிக் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதை. ஒன்பதரை வரை மல்லாடிவிட்டுப் பறக்கும் ரயிலைப் பிடித்தேன்.

ஜூன் 14, செவ்வாய்

"என்ன தம்பி, பில் போடலாமா வேணாமா?" என்றார் முதலாளி. "தாராளமா போடுங்க சார்." பொய்யில்லை. டிபிகேஜி எதையும் தொடுவதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது.

சாயங்காலம், நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால், இரண்டு கட்டளைகளும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன! அப்புறம்தான் பிழைச்செய்தியின் கடைசி வரியைப் படித்தேன். ரூட்டின் (நிர்வாகிக் கணக்கின்) பாத்தில், அதாவது கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில், எஸ்பின் இருக்க வேண்டும் என்று நேற்றே சொல்லியிருக்கிறது. பாத்தை அச்சிட்டுப் பார்த்தேன். கேம்ஸ் ஃபோல்டருக்குக்கூட அதில் இடம் இருக்கிறது, எஸ்பினுக்கு இல்லை.

குற்றவாளி, சாதாரணப் பயனரிலிருந்து ரூட்டாக மாற அடிக்கும் 'எஸ்யூ' கட்டளை. டெபியன் 10-இல், அதாவது 2019-இல், அதை வேறொரு தொகுப்பிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். பழையது ரூட்டுக்கான பாத்தைத் தானே போட்டுத் தரும்; புதியது சாதாரணப் பயனரின் பாத்தையே அப்படியே விட்டுவிடும். ஞாயிறன்று நான் உள்ளே நுழைந்தது பழைய எஸ்யூ வழியாக, அதனால்தான் மூச்சு விடாமல் முடிந்திருக்கிறது. இப்போது எஸ்யூவுக்குப் பின்னால் ஓர் இடைவெளி, ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான், ரூட்டுக்கான பாத் வந்தது, ஏற்றம் கடகடவென்று ஓடியது.

ஜூன் 15, புதன்

பேக்கப் சரிபார்க்க உள்ளே போனேன். விரல் மறுபடி கோடில்லாமல்தான் அடித்தது.