காளிகேசத்தில் ஒரு நுரைக்கூடு

ஜூன் சாரலில், கன்னியாகுமரி மாவட்டத்து மலைக்காட்டிலுள்ள காளிகேசத்தைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை என்று ஏற ஏற, வாழையும் வயலும் விலகி ரப்பர் தோட்டங்கள் வந்துவிடுகின்றன. உடன் வந்த அண்ணாச்சிக்கு அங்கே பால் வெட்டித்தான் பிழைப்பு.

ஆற்றைவிட்டுச் சற்று விலகி, மரங்கள் கவிந்த ஒரு குட்டையருகே நிறுத்தினார். தண்ணீருக்கு மேலே தாழ்ந்திருந்த கிளையில், இரண்டு மூன்று இலைகளைச் சேர்த்து ஒட்டியதுபோல் வெள்ளை நுரை. அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சும்போது பொங்குமே, அப்படி. விரலை நீட்டினேன்.

"மக்களே, தொட்டுவிடாதே. உள்ளே முட்டை இருக்கும்."

ஒரு முழம் தள்ளி, இலையோடு இலையாகத் தவளை உறங்கிக்கொண்டிருந்தது. கைகால்களை உடலுக்கடியில் மடக்கியிருந்ததால் பச்சை மட்டுமே தெரிந்தது. காற்றில் கிளை ஆடியபோது பின்னங்காலை நீட்டிப் பிடித்துக்கொண்டது. விரல்களுக்கிடையே விரிந்த சவ்வு வெற்றிலைச் சிவப்பு! மலபார் பறக்கும் தவளை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பறக்கும் என்று பெயரே தவிர, நான்கு கால்களின் சவ்வையும் விரித்துக் காற்றில் சறுக்கித்தான் இறங்குகிறது. அப்படியே 9 முதல் 12 மீட்டர் வரை போய்விடும்.

பெண் தவளை சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் கடைந்து கடைந்தே இந்த நுரை உண்டாகிறது. வெளிப்புறம் காய்ந்து இறுகும். உள்ளே ஈரம் காக்கும். முட்டை பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் நேரே கீழிருக்கும் தண்ணீரில் விழ வேண்டும். ஆகவே மரம் இருந்தால் மட்டும் போதாது. நிழல் வேண்டும், தாழ்ந்த கிளை வேண்டும், அதன் கீழே தேங்கிய தண்ணீரும் வேண்டும். வரும் வழியில் பார்த்த ரப்பர் தோட்டத்தில் ஆயிரக்கணக்கில் மரங்கள் நின்றன; அடிக்காட்டை வெட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அங்கே இது எங்கே கூடு கட்டும்? மாவட்டத்தின் மலைக்காடுகளில் சுமார் 402 சதுர கிலோமீட்டரை 2008-இல் சரணாலயமாக அறிவித்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தக் குட்டைக்கரையில்தான் எனக்கு உறைத்தது.

மழை வலுத்தது. புறப்படலாம் என்றார் அண்ணாச்சி. இன்னும் ஐந்து நிமிடம் என்று கெஞ்சினேன். நுரையின் அடிப்பக்கம் இளகி, ஒரு சொட்டு நீண்டு தொங்கியது. அதற்குள் கடுகளவு கருமை துடித்தது. சொட்டு அறுந்தது. குட்டையில் சின்னதாய் ஒரு வளையம்.