450 நாள் பக்குவம், இரண்டு நாள் ஆயுள்

டோக்கியோவுக்குக் குடிவரும் சைவக்காரர்களுக்குச் சோறு பெரிய பிரச்சினை இல்லை. குக்கரும் அரிசியும் இருந்தால் சமாளித்துவிடலாம். பலகாரம்தான் பிரச்சினை. கண்ணாடிக்குப் பின்னால் அழகழகாக அடுக்கியிருப்பதில் எதில் முட்டை, எதில் ஜெலட்டின் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜப்பானிய எழுத்தில் நான் முதலில் அடையாளம் காணப் பழகியவை இந்த இரண்டு சொற்கள்தான்.

நாங்கள் இருப்பது நிஷிகசாய். 2000-ஆம் ஆண்டுக் கணினிப் பிரச்சினையை ஒட்டி வந்த இந்தியப் பொறியாளர்கள் குடியேறி வளர்ந்த பகுதி. தோசாய் ரயிலில் ஏறினால் அலுவலகங்கள் குவிந்திருக்கும் ஓதேமாச்சிக்கு நேரே போய்விடலாம். துவரம் பருப்பு கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்கும், தமிழ் பேச ஆள் கிடைக்கும். பக்கத்துத் தெருவோடு ஒட்டாமலேயே இங்கே வருஷக்கணக்கில் இருந்துவிடலாம். அப்படி இருப்பவர்களும் உண்டு. என்னை அரகாவா ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக வைத்தது குசுமோச்சி என்ற இனிப்பு.

எதிர் வீட்டு அம்மாதான் முதலில் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். எழுபது வயதைத் தாண்டியவர். நான் வழக்கம்போல முட்டையா, ஜெலட்டினா என்று அரைகுறையாகக் கேட்க, பெட்டியைத் திருப்பிக் கோதுமை மாச்சத்து என்ற வரியைக் காட்டினார். அப்புறம் இன்று, நாளை என்று இரண்டு விரலை மடக்கினார். ஃப்ரிட்ஜைச் சுட்டி, இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி போட்டார். இங்கே அதற்குக் ‘கூடவே கூடாது’ என்று அர்த்தம்.

உள்ளே பால் வெள்ளையில் துண்டுகள். அதில் சர்க்கரையே கிடையாது. மேலே கினாகோ எனப்படும் வறுத்த சோயா மாவைத் தூவி, குரோமிட்சு என்ற கருஞ்சர்க்கரைப் பாகை ஊற்றிக்கொள்ள வேண்டும். வாயில் வைத்தால் வழுக்கும், கடித்தால் கொஞ்சம் எதிர்த்து நிற்கும், கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு புளிப்பு. முதல் துண்டு எனக்கு ஒன்றும் பிரமாதமாகப் படவில்லை. பாகு மட்டும் அபாரம். மூன்றாவது துண்டுக்குள் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த கடை முகவரியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கடை கமெய்தோவில் இருக்கிறது, பெயர் ஃபுனபாஷியா. கமெய்தோ தென்ஜின் கோயிலை ஒட்டி 1805 முதல் நடக்கிறது. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி அரியணையில் இருந்த காலம். கோதுமை விளைந்த ஃபுனபாஷி பக்கத்திலிருந்து வந்த ஒருவர், கோயில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கே கடை போட்டார். பிறகு தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தில் கைமாறி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெய்ஜி காலத் தொடக்கத்தில் வந்த ஒரு தரவரிசைத் தாள், சுமோ வீரர்களுக்குக் கொடுக்கும் உச்சப் பட்டமான யோகோசுனாவை இனிப்புக் கடைகளில் இதற்குக் கொடுத்திருந்தது. உள்ளே தொங்கும் பெரிய பெயர்ப் பலகையின் எழுத்து நாவலாசிரியர் யோஷிகவா எய்ஜி கைப்பட எழுதியது. கருஞ்சர்க்கரைப் பாகுக்கு அவரும் அடிமை என்கிறார்கள். நல்ல துணை எனக்கு.

ஆனால் என்னை அசத்தியது செய்முறைதான். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி, பசையைத் தனியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சும் மாச்சத்தைத் தொட்டியில் தண்ணீரோடு 450 நாள் புளிக்க விடுகிறார்கள். பிறகு புளிப்பும் வாடையும் போகத் திரும்பத் திரும்ப அலசி, வெந்நீர் ஊற்றிக் கலக்கி, ஆவியில் வேகவைக்கிறார்கள். நான் பாளையங்கோட்டைக்காரி. கோதுமையை ஊறவைத்து அரைத்து, பால் எடுத்துத் தெளிய வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள். அதே கோதுமைப் பால்தான், எங்கள் ஊரில் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்து அல்வாவாகிறது. இங்கே ஒன்றே கால் வருஷம் காத்திருந்து இப்படி ஆகிறது. மேற்கே கியோத்தோ பக்கம் இதே பெயரில் கிடைப்பது வேறு பண்டம். குசு என்ற கொடியின் கிழங்கு மாவில் செய்வது. கண்ணாடி மாதிரி இருக்கும், புளிக்க வைப்பதில்லை.

இவ்வளவு காலம் காத்திருந்து செய்ததற்கு ஆயுள் இரண்டு நாள். பதப்படுத்த எதுவும் சேர்ப்பதில்லை. ஃப்ரிட்ஜில் வைத்தால் மாச்சத்து இறுகி ரப்பராகிவிடும். சாப்பிடுவதற்குச் சற்று முன் லேசாகக் குளிர வைக்கலாம், அவ்வளவுதான். ஊருக்கு அனுப்பலாம், விடுமுறைக்கு எடுத்துப்போகலாம் என்றெல்லாம் கனவுகூடக் காண முடியாது. பார்த்த எதையும் “அம்மாவுக்கு ஒன்று” என்று வாங்கிச் சூட்கேஸில் அடுக்கும் எனக்கு இது பெரிய இடைஞ்சலாக இருந்தது. வாங்கினால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களோடுதான் தின்று தீர்க்க வேண்டும். அப்படித்தான் மேல்மாடித் தம்பதி பழக்கமானார்கள், குப்பை பிரிக்கும் இடத்தில் என்னை முறைத்துக்கொண்டிருந்த பெரியவரும்.

போவதாக இருந்தால் ஏப்ரல் கடைசியில் போகாதீர்கள் என்பேன். கோயிலின் விஸ்டீரியா பூத்துத் தொங்கும் நேரம் அது. 1856-இல் ஓவியர் ஹிரோஷிகே படமாக வரைந்த அதே கொடிப்பந்தல் காட்சி. பார்க்க வேண்டியதுதான், ஆனால் கடையில் வரிசை நகராது. ஜனவரியிலும் கூட்டம் உண்டு. கோயில் தெய்வம் சுகவாரா நோ மிச்சிசானே என்ற பழைய அறிஞர் என்பதால் பரீட்சைப் பிள்ளைகள் வந்து வேண்டிக்கொள்வார்கள். ஜூன் மாதத்து மழைநாள் காலையில் போனால் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

சரி, பதில் மரியாதை செய்ய வேண்டாமா? ஊருக்குப் போய்வந்தபோது எதிர் வீட்டு அம்மாவுக்கு அரைக் கிலோ அல்வா கொடுத்தேன். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். ரொம்ப நாள் என்றேன். அதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். பச்சைத் தேநீரோடு தினம் நகக்கண் அளவு வெட்டிச் சாப்பிடுகிறாராம். எங்கள் பங்கு வந்த வாரமே தீர்ந்துவிட்டது. அவருடையதில் இன்னும் பாதி மீதி இருக்கிறது.