ஏ.எம்., பி.எம்., ஏ.என்., பி.என்.

எங்கள் காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு தாள் விற்கிறார்கள். ‘மெடிக்கல் வேர்ச்சொற்கள்: கிரேக்கம், லத்தீன்’ என்று தலைப்பு. முன்னும் பின்னும் பொடி எழுத்தில் ‘ஏ’ தொடங்கி ‘இசட்’ வரை. நர்சிங் முதலாமாண்டு சேரும் பிள்ளைகள் புத்தகம் வாங்குகிறார்களோ இல்லையோ, இதை வாங்கிவிடுகிறார்கள். கொஞ்ச நாள் மனப்பாடம் நடக்கும். ‘அடினோ என்றால் சுரப்பி, ஆன்ஜியோ என்றால் ரத்தக்குழாய், ஆர்த்ரோ என்றால் மூட்டு’ என்று ஹாஸ்டல் வராந்தாவில் நடந்துகொண்டே ஒப்பிப்பார்கள். ‘பி’ வருவதற்குள் தாள் புத்தகத்துக்குள் போய்விடும். ‘ஏ’யில் தொடங்கும் நோயெல்லாம் மட்டும் எங்கள் பிள்ளைகளுக்கு அத்துப்படி.

நான் நர்ஸ் இல்லை, இங்கிலீஷ் மேம். சிலபஸ் என்னிடம் கேட்பது லீவ் லெட்டரும் பத்திச் சுருக்கமும். பிள்ளைகளுக்கு வேண்டியது வேறு. பென்னாகரம், மாரண்டஹள்ளி, அரூர், அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ப்ளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறார்கள். சிலர் வீட்டில் கன்னடம், சிலர் வீட்டில் தெலுங்கு. வந்த முதல் வாரமே கையில் செங்கல் கனத்தில் ஓர் அனாட்டமி புத்தகத்தைக் கொடுத்துவிடுகிறோம். ஒரு பக்கத்தைத் திறந்தால் வரிக்கு இரண்டு சொல் வாயில் நுழையாது. அதனால் வாரத்தில் ஒரு வகுப்பை லீவ் லெட்டரிடமிருந்து பிடுங்கி இதற்கு வைத்திருக்கிறேன்.

முதல் வகுப்பில் கிரேக்கம் பற்றி வாயே திறப்பதில்லை. போர்டில் ஊர்ப் பெயர்களை எழுதுவேன். கிருஷ்ணகிரி, சூளகிரி. ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை. மாரண்டஹள்ளி, வேப்பனஹள்ளி. வால் ஒன்றாக இருக்கிறதே, என்ன சொல்கிறது என்று கேட்பேன். ‘கிரி’ மலை என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ‘ஹள்ளி’ என்றால் கிராமம் என்று கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளை சொல்லும். அதுவரை வாய் திறக்காத பிள்ளையாகவே அது பெரும்பாலும் இருக்கும். (ஒகேனக்கல்லில் ‘ஹொகே’ என்றால் புகை, புகையும் கல் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த ஒருத்தியை அன்று முழுவதும் வகுப்பு மரியாதையாகப் பார்த்தது.) அப்புறம் அதே போர்டில் பக்கத்தில் டான்சிலைட்டிஸ், அப்பெண்டிசைட்டிஸ், காஸ்ட்ரைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ். ஒவ்வொன்றும் யாராவது ஒருவர் வீட்டில் வந்துபோன நோய்தான். ‘தொண்டை வீங்கும்’, ‘குடல்வால் வீங்கும்’, ‘மூட்டு வீங்கும்’ என்று வரிசையாக வரும். ‘ஐட்டிஸ்’ என்ற வாலுக்கு அர்த்தம் நான் எழுதிப் போட வேண்டியதே இல்லை. தமிழ்ப் புத்தகத்தில் அழற்சி என்று படித்தது இதைத்தான் என்று மட்டும் சொல்வேன்.

கிரேக்கத்தில் இந்த வாலுக்கு அழற்சி என்ற பொருளே முதலில் கிடையாது. ‘சார்ந்த’ என்பதுதான். மூட்டு சார்ந்த நோய் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நாளடைவில் ‘நோய்’ என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். வால் மட்டும் நின்று நோயின் வேலையையும் பார்க்க ஆரம்பித்தது. இதைச் சொன்னால் பிள்ளைகள் ‘இது எக்ஸாமுக்கு வருமா மேம்?’ என்பார்கள். வராது.

‘ஓசிஸ்’ என்ற வாலுக்கு எங்கள் மாவட்டத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்த ஊர்கள் இங்கே உண்டு. பல்லில் காவி படிந்து சிரிக்கக் கூச்சப்பட்டு வாயைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்திருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தணிப்பும் சேர்ந்து இருக்கிறது. ‘ஓசிஸ்’ ஒரு நிலையைக் காட்டும், அழற்சி இருக்க வேண்டும் என்றில்லை. முன்பாதி லத்தீன். ‘ஃப்ளூவெரே’ என்றால் பாய்வது. உலோகத் தாதுவை உருக்கும்போது நன்றாக இளகி ஓடட்டும் என்று ஒரு கல்லைச் சேர்ப்பார்கள், அந்தக் கல்லுக்கு வந்த பெயர் கடைசியில் தனிமத்துக்கும் வந்துவிட்டது.

அடுத்தது அறுவை சிகிச்சை வால்கள். ஒட்டமி, ஆஸ்டமி, எக்டமி. வேகமாகச் சொன்னால் மூன்றும் ஒன்றாகவே காதில் விழும். கிரேக்கத்தில் ‘டொமே’ என்றால் வெட்டு. வெட்டித் திறந்தால் ஒட்டமி. முன்னால் ‘எக்’ வந்தால் வெளியே, அதாவது வெட்டி வெளியே எடுத்தாயிற்று, எக்டமி. ‘ஸ்டோமா’ என்றால் வாய். புதிதாக ஒரு திறப்பு வைத்தால் ஆஸ்டமி. கோலெக்டமி ஆன நோயாளிக்குப் பெருங்குடலை எடுத்திருக்கிறார்கள். கோலாஸ்டமி ஆனவருக்கு வயிற்றில் திறப்பு வைத்துப் பை மாட்டியிருக்கிறார்கள். டியூட்டி மாறும்போது இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் அடுத்து வரும் சிஸ்டர் சும்மா விடமாட்டார். அனாட்டமியிலும் இருப்பது அதே வெட்டுதான். முழுக்க வெட்டிப் பார்ப்பது.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: ‘அப்போ டியூபெக்டமின்னா டியூபையே எடுத்துடுவாங்களா மேம்? எங்க அம்மாவுக்குப் பண்ணாங்க.’ நல்ல கேள்வி. பெயரை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஊரில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்று சொல்கிற அதில் கருக்குழாயைக் கட்டி ஒரு சிறு துண்டை வெட்டுவார்கள், அல்லது வளையம் போட்டு அடைப்பார்கள். குழாய் முழுவதையும் எடுப்பதில்லை. உடைத்துப் பார்த்துக் கிடைக்கும் அர்த்தம் ஓர் ஊகம்தான், சரியா என்று மேட்டர்னிட்டி மேமிடம் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். அந்தத் தாள்மேல் எனக்குள்ள கோபமும் இதுதான். ஊகத்தை விடை மாதிரி அச்சடித்து விற்கிறது.

ரத்தத்தைக் குறிக்கும் ‘ஈமியா’வுக்கு வந்தால் வகுப்பு கலகலப்பாகிவிடும். வயதானவர்கள் திடீரென்று குழம்பிப் பேசினால் ‘சோடியம் குறைஞ்சிருச்சாம்’ என்று இப்போது ஊரெல்லாம் சொல்கிறார்கள். கேஸ் ஷீட்டில் ஹைப்போநேட்ரீமியா என்று இருக்கும். ‘ஹைப்போ’ கீழே, ‘ஈமியா’ ரத்தத்தில், நடுவில் இருப்பது ‘நேட்ரியம்’, சோடியத்தின் லத்தீன் பெயர். சோடியத்துக்குக் குறியீடு ‘எஸ்.ஓ.’ என்று இல்லாமல் ‘என்.ஏ.’ என்று ஏன் இருக்கிறது என்ற கேள்வியைப் பள்ளியில் அடக்கிவைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள் ஒரே நேரத்தில் ‘ஓ!’ என்பார்கள். உடனே இன்னொருத்தி, ‘அப்போ பொட்டாசியம் கே?’ என்பாள். காலியம். ஹைப்போகலீமியா. அதை அவர்களே கட்டிவிடுவார்கள்.

ஹைப்பரா ஹைப்போவா என்ற குழப்பத்துக்கு மட்டும் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். கிரேக்க ‘ஹைப்பர்’, லத்தீன் ‘சூப்பர்’ இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை, பொருளும் ‘மேலே’தான். சூப்பர் தெரியாத தமிழ்ப்பிள்ளை உண்டா? சுகர் சூப்பராக ஏறினால் ஹைப்பர்.

இனி நான் அதிக நேரம் செலவிடும் இடம். பார்க்க ஒன்றாக இருந்து காலை வாருகிற முன்னொட்டுகள். தாளில் இவை வேறு வேறு வரியில் கிடக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட மாட்டார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் கர்ப்பிணியை யாரும் கர்ப்பிணி என்று சொல்வதில்லை. ‘ஏ.என். மதர்’ என்பார்கள். பிரசவமானதும் அவரே ‘பி.என். மதர்’ ஆகிவிடுவார். ஏ.என். என்றால் என்ன என்று கேட்டால் ஆன்டிநேட்டல் என்று சரியாகச் சொல்வார்கள். எழுதச் சொன்னால் பாதி நோட்டில் ‘டி’க்குப் பின்னால் ‘இ’ போடாமல் ‘ஐ’ போட்டிருக்கும். தமிழ்க் காதுக்கு இரண்டும் ‘ஆன்டி’தான், பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. போர்டில் ஒரு பக்கம் ஆன்டிபயாட்டிக், ஆன்டிசெப்டிக், பாம்புக்கடிக்குப் போடும் ஆன்டிவெனம் எழுதினேன். இவையெல்லாம் எதற்கு? ஒன்றை எதிர்க்க. ‘ஐ’ போட்ட ஆன்டி கிரேக்கம், எதிர். சரி, அப்படியானால் நீ எழுதிய ஆன்டிநேட்டல் மதர் யார்? கொஞ்ச நேரம் அமைதி. பின் பெஞ்சிலிருந்து ஒருவன் மெதுவாக, ‘குழந்தையே வேண்டாங்கிற அம்மா’ என்றான். சிரிப்பு அடங்க நேரமானது.

‘இ’ போட்ட ஆன்டி லத்தீன், அதற்கு ‘முன்’ என்று பொருள். அதை எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்றால் எங்கேயும் இல்லை என்பார்கள். மணி என்ன என்று கேட்பேன். ‘பத்தே முக்கால், ஏ.எம்.’ அந்த ‘ஏ’தான். ஏ.எம். என்றால் ஆன்டி மெரிடியம், உச்சிக்கு முன். பி.எம். போஸ்ட் மெரிடியம், உச்சிக்குப் பின். ஏ.என். பிறப்புக்கு முன், பி.என். பிறப்புக்குப் பின். தினமும் செல்போனில் பார்க்கிற இரண்டு எழுத்து லத்தீன் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. போஸ்ட்மார்ட்டத்தை நான் சொல்வதற்கு முன் அவர்களே சொல்லிவிட்டார்கள். ‘எழுதும்போது சந்தேகம் வந்தா ஏ.என். மதர் எதிரி இல்லைன்னு நினைச்சுக்கணும்’ என்று அந்தப் பின்பெஞ்சுக்காரனே ஒரு சூத்திரமும் போட்டுக் கொடுத்தான். இப்போது ஜூனியர்களுக்கும் அது போய்விட்டது.

இன்னொன்று ‘பெட்’. ஏ.என். மதருக்குக் கால் வீங்கியிருக்கிறதா என்று கணுக்கால் பக்கம் விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். குழி விழுந்தால் அது பெடல் எடிமா. ஒரு பிள்ளை தன் நோட்டில் ‘குழந்தைகளுக்கு வரும் வீக்கம்’ என்று எழுதி வைத்திருந்தாள். பீடியாட்ரிக் வார்டு குழந்தைகள் வார்டு, அதே எழுத்துகள், அதனால். தர்க்கம் சரிதான்! கிரேக்கத்தில் ‘பைஸ்’, ‘பைடோஸ்’ குழந்தை, ‘இயாட்ரோஸ்’ வைத்தியர். லத்தீனில் ‘பெடிஸ்’ பாதத்தினுடைய. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் குழந்தைக்கு ‘ஏ’யும் ‘இ’யும் சேர்த்துப் போட்டு வேறுபடுத்துவார்கள். அமெரிக்கர்கள் அந்த ‘ஏ’யை எடுத்துவிட்டார்கள், எங்கள் புத்தகங்களில் இரண்டும் கலந்து கிடக்கிறது. அதனால் எழுத்தை நம்பாமல் வாக்கியத்தைப் படி என்றேன். படித்தாள். நோயாளிக்கு வயது 62 என்று போட்டிருந்தது. சைக்கிள் பெடலை எதனால் மிதிக்கிறாய் என்று கேட்டதும் ரப்பரைத் தேட ஆரம்பித்தாள்.

ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் ஏன் என்ற புகாரும் வரும். ரத்தப் பரிசோதனை ரசீதில் ‘ரீனல்’, டாக்டர் போர்டில் ‘நெஃப்ராலஜிஸ்ட்’, இரண்டும் சிறுநீரகம்தான். முன்னது லத்தீன், பின்னது கிரேக்கம். உறுப்பின் பெயருக்கு லத்தீனும் நோய்க்கும் துறைக்கும் கிரேக்கமும் வருவதுதான் பொதுவான போக்கு, விதிவிலக்குகள் ஏராளம். இதை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

பெயர் வைத்தவர்களுக்கே தவறிய இடங்களும் உண்டு. மலேரியா என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. சதுப்பு நிலக் காற்றால் காய்ச்சல் வருகிறது என்று நம்பி வைத்த பெயர். கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-ல். காற்றின்மேல் பழி இல்லை என்று தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை. தமனிக்கு ஆர்ட்டரி என்று பெயர் வைத்த கிரேக்கர்களிலும் பலர் அதில் காற்று ஓடுகிறது என்றே நினைத்தார்கள். செத்த உடலில் அது காலியாக இருந்ததைப் பார்த்து ஏமாந்துவிட்டார்கள்.

அடுத்த மாதத்துக்கு வேறொரு வால் வரிசை வைத்திருக்கிறேன். இது கிரேக்கமும் இல்லை, லத்தீனும் இல்லை, உலக சுகாதார நிறுவனம் வைப்பது. மருந்துகளுக்கு உலகம் முழுக்க ஒரே பொதுப்பெயர் என்ற ஏற்பாட்டில் முதல் பட்டியல் 1953-ல் வந்தது. ஒரே குடும்ப மருந்துகளுக்கு ஒரே வால். ‘ஓலால்’ என்று முடிந்தால் பீட்டா பிளாக்கர், அதாவது பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற ஒரு வகை மருந்து: அட்டினோலால், மெட்டோப்ரோலால். ‘வாஸ்டாட்டின்’ கொலஸ்ட்ராலுக்கு. ‘சிலின்’ என்று முடிந்தால் பென்சிலின் குடும்பம், ஊசி போடுவதற்கு முன் அலர்ஜி உண்டா என்று கேட்டாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த பெயர்தான் பெரிதாக இருக்கும். வால் உள்ள பெயர் கீழே பொடி எழுத்தில் கிடக்கும், அதைத் தேடிப் படிக்கும் பழக்கம் வர வேண்டும்.

வகுப்புக்குக் காலி அட்டைகள் வேண்டும் என்று வீட்டில் அத்தையிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவருக்குப் பிரஷருக்கும் கொலஸ்ட்ராலுக்கும் சேர்த்து நாலைந்து மாத்திரை, அட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் காலியானது எது, ஆகாதது எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார். நேற்றும் இரண்டு மெட்டோப்ரோலாலைத் திருப்பிக் கொடுத்தேன்.