எக்செலுக்கு ஒரு பொத்தான்

எங்கள் கோரமங்களா அலுவலகம் தரவுகளைச் சரிபார்க்கும், யாரும் மூலநிரலைத் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தினமும் பயன்படுத்துகிறது. அதைப் பராமரிக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். குழுவில் உள்ள சேலத்துத் தம்பி ஒருவர், அதை எக்செலுக்குள்ளிருந்தே இயக்கும் துணைநிரலை எழுதினார். நல்ல வேலைப்பாடு. பொத்தானை அழுத்தினால் தவறான தேதிகளும் இரட்டித்த வரிகளும் மஞ்சளாகிவிடும். கணக்குப் பிரிவினர் அவரைக் கொண்டாடினார்கள். அதைத் திட்டத்தின் நிரல்களைச் சேர்த்து வைக்கும் களஞ்சியத்திலேயே வைக்க வேண்டும் என்று அவர் கேட்டபோதுதான் வழக்கு தொடங்கியது.

"அண்ணா, என் நிரலும் ஜிபிஎல் உரிமத்தில்தான் இருக்கிறது. பிறகென்ன தடை?"

உரிமத்தில் குறையே இல்லை; ஜிபிஎல் கட்டற்ற மென்பொருளுக்கான உரிமம்தான். ஆனால் அது இயங்க எக்செல் வேண்டும். எக்செலோ மைக்ரோசாஃப்டின் தனியுரிம மென்பொருள். இது பழைய சிக்கல். 1997இல் ஏற்ற சமூக ஒப்பந்தத்திலேயே டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டம் இத்தகைய நிரல்களுக்கு 'கான்ட்ரிப்' என்ற பகுதியை ஒதுக்கிவிட்டது. அவை டெபியனின் சர்வரில் இருக்கும். டெபியனின் அங்கமாக மாட்டா. திண்ணையில் இடம், வீட்டுக்குள் இல்லை. கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தின் களஞ்சியத் தளமான சாவன்னாவில் திண்ணையும் கிடையாது: தனியுரிம மென்பொருளை நம்பியிருக்கும் எதையும் அங்கே சேர்ப்பதில்லை.

கொள்கை பேசினால் எங்கள் அலுவலகத்தில் கொட்டாவி விடுவார்கள். என் தயக்கத்துக்கோ அதைவிடச் சில்லறையான காரணம் இருந்தது. துணைநிரலைச் சேர்த்துப் பார்த்ததும் தானியங்கிச் சோதனை தோல்வி என்று சிவப்பைக் காட்டியது. சோதனை நடக்கும் கணினியில் இருப்பது லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம். அதில் எக்செல் ஏது? சோதிக்க வேண்டுமானால் யாராவது விண்டோஸுக்கும் ஆபீஸுக்கும் உரிமம் வாங்க வேண்டும். எங்கள் நிறுவனத்தில் அவை இருக்கின்றன. மற்ற பராமரிப்பாளர்களிடம் இல்லை, வாங்கவும் மாட்டார்கள். நாளை மைக்ரோசாஃப்ட் எதையாவது மாற்றிப் பொத்தான் செத்துப்போனால், எக்செலின் மூலநிரலைத் திறந்து பார்க்க வழியில்லை. புகார் மட்டும் எங்கள் வாசலுக்கு வரும். தன் ஓய்வு நேரத்தைத் தருகிறவரிடம் இதையும் சுமக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அப்படியானால் நம் மென்பொருளை விண்டோஸில் ஓடவிட்டிருக்கிறோமே, அது மட்டும் சரியா?"

கெட்டிக்காரர், கேட்க வேண்டியதைக் கேட்டார். சரிதான் என்றேன். ஈமாக்ஸ் என்ற கட்டற்ற உரைத்தொகுப்பியும்தான் விண்டோஸில் ஓடுகிறது. அங்கே பழகியவர் நாளை லினக்ஸுக்கு மாறினால் ஈமாக்ஸ் கூடவே போகும். இந்தப் பொத்தான் போகாது. எக்செலை விட முடியாததற்கு இன்னொரு காரணமாகத்தான் நிற்கும். ஆபீஸுக்குக் கட்டற்ற மாற்றான லிப்ரெஆபீஸ், வேர்டு கோப்புகளைத் திறப்பது வெளியே வருகிறவருக்கு உதவி. வேர்டுக்குள் ஒரு வசதியைச் செய்து கொடுப்பது உள்ளே இருப்பவருக்கு உதவி. இரண்டாவதைச் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் களஞ்சியம் அதற்கான இடமா என்பதுதான் கேள்வி.

கடைசியில் நிரலை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். எக்செல் கோப்பின் வடிவம் 2008 முதல் ஐஎஸ்ஓ 29500 என்ற சர்வதேசத் தரநிலை. படிக்க எக்செலே தேவையில்லை. கோப்பைப் படித்துப் பிழை கண்டுபிடிக்கும் பகுதி களஞ்சியத்துக்குள் வந்தது. லினக்ஸிலேயே சோதனை பச்சையானது. பொத்தான் அவருடைய சொந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது.

கையேட்டில் அதற்கு ஓர் இணைப்பாவது கொடுங்கள் என்பது அவருடைய அடுத்த மனு. ஒரு வரி தரலாம் என்பது என் கட்சி. மற்ற பராமரிப்பாளர்கள் இன்னும் இணங்கவில்லை.